வண்டியை உயர்த்திய பின் முன் சக்கரங்களைச் சோதிப்பது எப்படி?



ஒரு காலத்தில் தோட்டத்தில் நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி என்றால் அது துரையின் லேண்ட் ரோவர்தான். 1948ஆம் ஆண்டில் வெளிவந்த அந்த வண்டியின் பழைய வடிவங்களை இன்றும் கேமரன் மலையில் காய்கறிக் கூடைகளோடு காணலாம். 1968ஆம் ஆண்டில் ஹைலக்ஸ் வந்தது; சிறிய சுசூகி ஜீப்புகளும் வந்தன. இன்று நம் பிள்ளைகளே பழைய வண்டி ஒன்றை வாங்கி, வீட்டு வாசலில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். செம்பனைக் குலை ஏற்றவும், மேட்டு நிலத்துச் சிறு தோட்டத்திற்குப் போய்வரவும், மழை பெய்து செம்மண் பாதை குழம்பிய பிறகும் வீடு வந்து சேரவும் அது உதவுகிறது.

வாங்கியவுடன் அவர்கள் செய்யும் முதல் வேலை, வண்டியை இரண்டு அங்குலமோ மூன்று அங்குலமோ உயர்த்துவது. லாரிகள் ஓடி ஓடிப் பள்ளமான தடத்தின் நடுமேடு வண்டியின் அடியில் இடிக்கிறது என்பது அவர்கள் சொல்லும் காரணம். அது உண்மையான காரணம்தான். நாம் அதைக் குறை சொல்லப் போவதில்லை. ஆனால், உயர்த்திய வண்டியின் முன் சக்கரங்கள் தொழிற்சாலையில் நிறுத்திவைத்த நிலையில் பெரும்பாலும் இருப்பதில்லை. அதை வீட்டிலேயே, சுண்ணக்கட்டி, நூல், அளவு நாடா, கொத்தனாரின் தூக்குக் குண்டு ஆகியவற்றைக் கொண்டு எப்படிச் சோதித்துப் பார்ப்பது என்பதே இன்றைய பேச்சு.

தோட்டத்து மண் பாதையில் மணிக்கு இருபது கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது சக்கரம் கோணலாக இருப்பது யாருக்கும் தெரியாது. கல்லும் குழியும் வண்டியை ஆட்டுகிற ஆட்டத்தில் அது மறைந்துவிடும். "வண்டி அருமையாக ஏறுகிறது" என்று பையன் சொல்வான்; அதுவும் பொய்யன்று. ஆனால் அதே வண்டியில்தான் ஞாயிற்றுக்கிழமை அம்மாவையும் தங்கையையும் ஏற்றிக்கொண்டு பட்டணத்துக் கல்யாணத்திற்குப் போகிறோம். பெருஞ்சாலையில், மழையில், எதிரே மர லாரி வரும்போது, மணிக்கு எண்பது தொண்ணூறு கிலோமீட்டரில் வண்டி தானாக ஒரு பக்கம் அலையத் தொடங்கினால் என்ன ஆகும்? காட்டுப் பாதைக்காகச் செய்த மாற்றத்தின் கெடுதல் தார்ச்சாலையில்தான் வெளிப்படுகிறது. ஆகவே, உயர்த்திய பின் சோதிக்காமல் பெருஞ்சாலைக்கு எடுத்துச் செல்லவேண்டாம் என்பதே நாம் முதலில் சொல்ல விரும்புவது.

உயர்த்துவதில் வகைகள் உண்டு. சேசிஸ் சட்டத்திற்கும் மேற்கூட்டிற்கும் நடுவில் கட்டைகள் வைத்து மேற்கூட்டை மட்டும் தூக்குவது ஒன்று. இதனால் சக்கரங்களின் கோணம் மாறுவதில்லை. பெரிய டயர் மாட்டுவதாலும் மாறுவதில்லை. ஸ்பிரிங்கை மாற்றியோ, அதன்மேல் கட்டை வைத்தோ, முறுக்கியோ உயர்த்தினால்தான் கோணம் மாறும். உங்கள் வண்டியில் எதைச் செய்தார்கள் என்று பட்டறைப் போர்மேனிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

சக்கரத்தின் நிலையை மூன்று கோணங்களால் சொல்வார்கள். சிலர் நடக்கும்போது இரண்டு கால் பெருவிரல்களும் உள்நோக்கித் திரும்பியிருக்கும். சிலருக்கு வெளிநோக்கி விரிந்திருக்கும். சக்கரங்களும் அப்படித்தான். இரண்டு முன் சக்கரங்களின் முன்பக்க இடைவெளி, பின்பக்க இடைவெளியைவிடக் குறைவாக இருந்தால் அதை முன்குறுகல் என்போம். கூடுதலாக இருந்தால் முன்விரிவு. பட்டறையில் இதற்கு 'டோ' என்று பெயர். இரண்டாவது, வண்டியை முன்னாலிருந்து பார்க்கும்போது சக்கரத்தின் தலை உள்ளே சாய்கிறதா வெளியே சாய்கிறதா என்பது, இது 'கேம்பர்'. மூன்றாவதைப் புரிந்துகொள்ளச் சைக்கிளைப் பாருங்கள். அதன் முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவை நெட்டுக்குத்தாக நிற்பதில்லை. மேல்பகுதி ஓட்டுபவரை நோக்கிப் பின்னால் சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வு இருப்பதால்தான் பழகியவன் கைவிட்டும் ஓட்டமுடிகிறது. ஜீப்பிலும் சக்கரம் திரும்புகிற அச்சுக்கு இத்தகைய சாய்வு உண்டு, இது 'கேஸ்டர்'.

இந்த மூன்றில் எது கெடும் என்பது வண்டியின் அடியைப் பொறுத்தது. முன் சக்கரங்கள் இரண்டும் ஒரே இரும்பு அச்சில் பூட்டியிருக்கும் பழைய லேண்ட் ரோவர், சுசூகி போன்றவற்றில், சக்கரங்களை இணைக்கும் கம்பியும் அந்த அச்சோடு சேர்ந்தே இருப்பதால், உயர்த்துவதால் மட்டும் டோ மாறாது. ஆனால் ஸ்டீரிங்கிலிருந்து வரும் கம்பியின் சாய்வு மாறி, நேராக ஓடும்போதும் ஸ்டீரிங் வளையம் கோணலாக நிற்கும். சுருள் ஸ்பிரிங்கும் நீண்ட கைகளும் உள்ள டிஃபெண்டரிலும், 1998க்குப் பின் வந்த ஜிம்னியிலும், உயர்த்த உயர்த்த அச்சு சற்றே உருண்டு கேஸ்டர் குறைந்துவிடும். அப்போது திருப்பிய ஸ்டீரிங் தானாகத் திரும்பி வராது.

ஹைலக்ஸ் போல முன் சக்கரங்கள் தனித்தனியே ஏறி இறங்கும் வண்டிகளில் மூன்று கோணங்களுமே மாறும். சக்கரத்தைத் தாங்கும் கைகளும் ஸ்டீரிங் கம்பியும் வெவ்வேறு வட்டங்களில் சுழல்கின்றன. உடல் உயர்ந்ததும் கைகள் கீழ்நோக்கிச் சரிந்து, சக்கரத்தின் தலை பெரும்பாலும் வெளிப்பக்கம் சாயும். கம்பியும் சக்கரத்தை ஒரு பக்கம் இழுத்துவிடும். அது முன்குறுகலாகுமா, முன்விரிவாகுமா என்பது கம்பி அச்சுக்கு முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்பது போன்றவற்றைப் பொறுத்தது. ஆகவே ஊகிக்கவேண்டாம், அளந்தே பார்ப்போம். பழைய ஹைலக்ஸில் முன்பக்கம் முறுக்குக் கம்பி ஸ்பிரிங் உண்டு. அதன் போல்ட்டை முறுக்கினாலே செலவில்லாமல் வண்டி எழும்பிவிடும். இந்தச் செலவில்லாத வழியில்தான் நமக்குக் கவலை அதிகம். கைகள் கீழே இறங்கும் எல்லையை நெருங்கிவிடுவதால், சிறு குழியில் இறங்கினாலும் அடிக்கட்டையில் இடிக்கும். அதிகம் முறுக்கியிருந்தால், அளப்பதற்கு முன் கொஞ்சம் இறக்கிவிடுவதே நல்லது.

இனிச் சோதனைக்கு வருவோம். உயர்த்திய அன்றே அளக்கவேண்டாம். புதிய ஸ்பிரிங் படிய வேண்டும். தோட்டத்துக்குள் மெதுவாகச் சில நாள் ஓட்டிவிட்டு, எல்லா போல்ட்டுகளையும் மறுபடி இறுக்கிய பிறகு அளக்க வேண்டும். இடம் சமமாக இருக்க வேண்டும். பெரட்டுக் களத்துச் சிமெண்டுத் தரை போன்ற இடம் கிடைத்தால், நிர்வாகத்திடம் சொல்லிவிட்டுப் பயன்படுத்தலாம். தரை மட்டமா என்று அறிய, கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பி, கொத்தனார்கள் செய்வதுபோல் இரு முனைகளையும் சக்கரம் நிற்கும் இடங்களில் பிடித்துப் பாருங்கள். தாழ்ந்த இடத்தில் மெல்லிய பலகைத் துண்டு வைத்துச் சரிசெய்யலாம். நான்கு டயரிலும் காற்று குறித்த அளவில் இருக்க வேண்டும். பின்னால் உரமூட்டை இருந்தால் இறக்கிவிடுங்கள்.

அடுத்து, எதுவும் ஆடுகிறதா என்று பார்க்க வேண்டும். பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, ஒரு முன் சக்கரத்தை ஜாக்கியால் தரையைவிட்டு எழுப்பி, சேசிஸுக்கு அடியில் உறுதியான தாங்கு கட்டை கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் வண்டிக்கு அடியில் புகக்கூடாது. பிள்ளைகள் வேடிக்கை பார்க்கட்டும். ஆனால் தூர நின்று பார்க்கட்டும். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். பிறகு இரு பக்கமும் பிடித்து ஆட்டுங்கள். 'டக் டக்' என்று ஆட்டம் தெரிந்தால், பந்து மூட்டோ, கம்பி முனையோ, பேரிங்கோ தேய்ந்திருக்கிறது என்று பொருள். அதை மாற்றாமல் அளப்பது, ஆடுகிற நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு உயரம் அளப்பதற்கு ஒப்பாகும். ஆட்டமில்லை என்றால் வண்டியை இறக்கி, முன்பக்கத்தை நாலைந்து முறை அமுக்கி விட்டு, சில மீட்டர் முன்னோக்கித் தள்ளுங்கள். ஜாக்கியில் தொங்கிய சக்கரம் தன் இயல்பான நிலைக்கு வந்துவிடும்.

டோ அளப்பதற்குப் பலர் பல வழி சொல்வார்கள். வண்டிக்கு அடியில் நாடாவை இழுத்துப் பிடிப்பது எளிதன்று; எஞ்சினும் அச்சும் குறுக்கே நிற்கும். நாம் சொல்லும் வழியில் குறுக்கே எதுவும் வராது. ஸ்டீரிங்கை நேராக வைத்து, அசையாமல் கயிற்றால் கட்டுங்கள். தரையிலிருந்து சக்கர மையத்தின் உயரத்திற்கு ஒரு குச்சியை வெட்டிக்கொள்ளுங்கள். அந்தக் குச்சியின் உயரத்தில், இரண்டு முன் டயர்களின் பின்பக்கத்திலும், ரப்பர் பூட்டின்மேல் சுண்ணக்கட்டி தடவி ஆணியால் மெல்லிய குறி ஒன்று இடுங்கள். குறியிலிருந்து தூக்குக் குண்டைத் தொங்கவிட்டு, குண்டின் முனை தொடும் இடத்தைத் தரையில் புள்ளியாக வையுங்கள். இரண்டு சக்கரத்துக்கும் இரண்டு புள்ளிகள்.

இப்போது கியரை விடுவித்து, இருவர் சேர்ந்து வண்டியை மெதுவாக முன்னோக்கித் தள்ளுங்கள். சக்கரம் அரைச் சுற்று சுற்றியதும் அதே குறிகள் மேலே ஏறி முன்பக்கத்திற்கு வந்துவிடும். குச்சியின் உயரத்திற்குக் குறி வந்ததும் நிறுத்துங்கள். தாண்டிவிட்டால் பின்னோக்கி இழுக்காமல் ஆரம்பத்திலிருந்து தொடங்குங்கள்; பின்னோக்கி இழுத்தால் மூட்டுகளின் தளர்ச்சி எதிர்ப்பக்கம் சாய்ந்து அளவைக் கெடுக்கும். இங்கும் குண்டைத் தொங்கவிட்டு இரண்டு புள்ளிகள் வையுங்கள். பிறகு வண்டியைத் தள்ளி நிறுத்திவிட்டு, முதல் இரண்டு புள்ளிகளுக்கு நடுவிலும், அடுத்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவிலும் அளந்துகொள்ளுங்கள். முன்னும் பின்னும் ஒரே குறியைத்தான் பயன்படுத்துகிறோம். ஆகையால் ரிம் சற்று நெளிந்திருந்தாலும், குறி டயரின் நடுவில் விழாவிட்டாலும் பாதகமில்லை. மூன்று முறை செய்து பாருங்கள். மூன்றும் ஒரு மில்லிமீட்டருக்குள் ஒத்துவந்தால் அளவை நம்பலாம்.

எடுத்துக்காட்டாக, பின்பக்கம் 1,522 மில்லிமீட்டர், முன்பக்கம் 1,531 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். முன்பக்கம் 9 மில்லிமீட்டர் கூடுதல். அஃதாவது 9 மில்லிமீட்டர் முன்விரிவு. இது மிக அதிகம். எவ்வளவு இருக்கவேண்டும் என்பதை வண்டியின் கைநூலில் பார்ப்பதே முறை. பழைய சீரிஸ் லேண்ட் ரோவருக்கு 1.2 முதல் 2.4 மில்லிமீட்டர் முன்குறுகல். நான்கு சக்கரமும் எப்போதும் இழுக்கும் டிஃபெண்டருக்கோ சிறிது முன்விரிவு. ஒரே கம்பெனியின் வண்டிகளிலேயே இப்படி நேர்மாறாக இருக்கிறதென்றால், அடுத்த வீட்டுக்காரர் வண்டியின் அளவு நம் வண்டிக்கு உதவாது என்பது விளங்கும். கைநூலில் பாகைக் கணக்கில் போட்டிருந்தால், 750 மில்லிமீட்டர் உயரமுள்ள டயருக்கு இரண்டு சக்கரமும் சேர்ந்த ஒரு பாகை ஏறக்குறைய 13 மில்லிமீட்டர் என்று கொள்க.

"சில மில்லிமீட்டருக்கா இவ்வளவு பாடு?" என்று தோன்றலாம். ஐந்தாம் ஆண்டு மாணவனே போடக்கூடிய கணக்கு இது. மொத்தப் பிழை 6 மில்லிமீட்டர் என்றால், ஒரு சக்கரத்தின் பங்கு 3 மில்லிமீட்டர். 750 மில்லிமீட்டருக்கு 3 என்றால் ஒரு மீட்டருக்கு 4 மில்லிமீட்டர். ஒரு கிலோமீட்டருக்கு 4 மீட்டர். பத்தாயிரம் கிலோமீட்டர் ஓடினால், அந்த டயரைப் பக்கவாட்டில் 40 கிலோமீட்டர் இழுத்ததற்குச் சமம்! டயரின் நெளிவு இதில் ஒரு பகுதியைத் தாங்கிக்கொள்ளும். மீதிக்கு ரப்பர்தான் விலை கொடுக்கிறது. பால் மரத்தில் அதிகாலையில் கோடு இழுத்த குடும்பங்களுக்கு ரப்பரின் அருமையை நாம் சொல்லவேண்டியதில்லை. டயரின்மேல் உள்ளங்கையை உள்ளும் வெளியுமாகத் தடவிப் பாருங்கள். ஒரு திசையில் வழவழப்பாகவும், மறு திசையில் இரம்பப் பல்போலவும் பிடித்தால், டோ கெட்டிருக்கிறது என்று டயரே சொல்கிறது.

சரிசெய்வது கடினமன்று, பொறுமைதான் வேண்டும். இரும்பு அச்சு வண்டியில் சக்கரங்களை இணைக்கும் கம்பி ஒன்று. ஹைலக்ஸ் போன்றவற்றில் இரு பக்கமும் கம்பி உண்டு. இரு பக்கமும் சமமாகத் திருப்பினால்தான் ஸ்டீரிங் வளையம் நடுவில் நிற்கும். பூட்டு நட்டைத் தளர்த்தி, கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருப்பாதீர்கள். திருப்பியபின் வண்டியைச் சில மீட்டர் முன்னோக்கி உருட்டிவிட்டு மறுபடி அளக்க வேண்டும். உருட்டாமல் அளந்தால் டயரின் முறுக்கு தளராது, அளவு ஏமாற்றும். வேலை முடிந்ததும் பூட்டு நட்டு இறுகியிருக்கிறதா என்று இரண்டு பேர் தனித்தனியே பார்க்க வேண்டும். இந்தக் கம்பி கழன்றால் வண்டியைத் திருப்ப முடியாது. மரை போதிய அளவு உள்ளே இல்லாத வரை திருப்பினால்தான் அளவு வருகிறதென்றால், அங்கேயே நிறுத்திவிடுங்கள். வண்டி அளவுக்கு மீறி உயர்ந்திருக்கிறது.

கேம்பரையும் தூக்குக் குண்டைக் கொண்டே அறியலாம். சக்கரத்தின் வெளிப்பக்கம் நூலைத் தொங்கவிட்டு, நூலுக்கும் ரிம்மின் மேல் விளிம்புக்கும் உள்ள இடைவெளியையும், கீழ் விளிம்புக்கு உள்ள இடைவெளியையும் அளந்து பாருங்கள். விளிம்புகளுக்கிடையே உயரம் 400 மில்லிமீட்டர் என்றால், 7 மில்லிமீட்டர் வேறுபாடு ஒரு பாகை. மேல் இடைவெளி குறைவாக இருந்தால் சக்கரத்தின் தலை வெளியே சாய்ந்திருக்கிறது. டயரின் வெளி ஓரம் முதலில் தேயும். இடதுக்கும் வலதுக்கும் வேறுபாடு கூடுதலாக இருந்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். இரும்பு அச்சு வண்டியில் கேம்பர் கெட்டிருந்தால், உயர்த்தியதால் வந்த குறையன்று. அச்சு வளைந்திருக்கலாம் அல்லது மூட்டோ பேரிங்கோ தேய்ந்திருக்கலாம்.

கேஸ்டரை வீட்டில் அளக்க முயலவேண்டாம். உணர்ந்து பார்க்கலாம். ஆள் நடமாட்டமில்லாத திறந்த இடத்தில், மெதுவாக ஓட்டி, ஸ்டீரிங்கைத் திருப்பிப் பிடியைத் தளர்த்துங்கள். தானாக நேராக வர முனைந்தால் நல்லது. திருப்பிய இடத்திலேயே நின்றால் கேஸ்டர் குறைந்திருக்கக்கூடும். கேம்பரையும் கேஸ்டரையும் திருத்துவது பட்டறையின் வேலை. அதற்கான பாகங்களை மாற்றவும் நேரலாம்.

பின் சக்கரத்தையும் மறக்க வேண்டாம். பட்டை ஸ்பிரிங்குக்கு நடுவில் கட்டை வைத்து உயர்த்தியபோது அச்சு சரியாகப் பதியவில்லையென்றால், வண்டி நண்டுபோல் பக்கவாட்டில் சாய்ந்தபடி ஓடும். முன் சக்கர மையத்திலிருந்து பின் சக்கர மையம் வரை இரு பக்கமும் அளந்து ஒப்பிட்டால் தெரிந்துவிடும். பிரேக் எண்ணெய்க் குழாய்கள் இழுபட்டு நிற்கின்றனவா என்றும் ஒருமுறை பாருங்கள். ஹைலக்ஸில், பின் அச்சின் பாரத்தை அறிந்து பிரேக்கைக் கூட்டிக் குறைக்கும் கருவி உண்டு. பின்பக்கம் உயர்ந்ததும், வண்டியில் பாரமே இல்லையென்று அது எண்ணிக்கொண்டு பின் பிரேக்கைக் குறைத்துவிடும். இதைச் சரிசெய்தாரா என்று போர்மேனிடம் அவசியம் கேட்க வேண்டும். மேலும், வண்டியின் அமைப்பை மாற்றுவது 1987ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்திற்கு உட்பட்டது. உயர்த்துவதற்கு முன்பே இலாகாவில் கேட்டு அனுமதி பெறுங்கள். காப்புறுதி நிறுவனத்திற்கும் தெரிவியுங்கள்.

வீட்டுச் சோதனை, பட்டறையின் கணினி அளவுக்கு ஈடாகாது. வண்டியைப் பத்திரமாகப் பட்டறை வரை கொண்டுபோகவும், அங்கே என்ன செய்யவேண்டும் என்று தெரிந்து பேசவும் அது போதும். நீங்கள் அளந்ததைத் தேதியோடு ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு போங்கள். அலைன்மெண்ட் செய்தபின், செய்வதற்கு முன்னிருந்த அளவும் பின்னிருந்த அளவும் உள்ள தாளைக் கேட்டு வாங்கி, அதே நோட்டில் ஒட்டி வையுங்கள். ஆயிரம் கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி ஒருமுறை குண்டும் நூலும் எடுத்து அளந்து, அந்தத் தாளோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.